புதிய லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை இயங்காதபோது என்ன செய்வது?

மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி முடித்து முதல் முறையாக உள்நுழையும்போது வைஃபைக்கான குறியே திரையில் தென்படவில்லையென்றால், பெரும்பாலோர் தம் மடிக்கணினியின் மாடல் பெயரை இணையத்தில் தேடி, கண்ணில் படும் முதல் விடையிலுள்ள கட்டளைகளை வரிசையாக ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே மாடல் பெயரில் விற்கப்படும் கணினிகளிலேயே ஒன்றில் இன்டெல் வைஃபை அட்டையும் மற்றொன்றில் ரியல்டெக் அட்டையும் இருப்பது சகஜம் என்பதால், இப்படிச் செய்வது சிக்கலைத் தீர்ப்பதைவிடக் கூட்டுவதே அதிகம். வைஃபை இயங்காமைக்கான காரணம் அநேகமாக நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: அந்த அட்டையை இயக்கும் நிரலான டிரைவர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் இல்லாமலிருக்கலாம், டிரைவர் இருந்தும் அது அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமலிருக்கலாம், இரண்டும் இருந்தும் ரேடியோ அணைக்கப்பட்டிருக்கலாம், எல்லாம் சரியாக இருந்தும் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் அந்த அட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். கோளாறு இவற்றுள் எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை எதையும் நிறுவாதீர்கள்.

இங்கே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளிகளும் சிறுகோடுகளும் மாறாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பேக்கேஜ் (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பு) பெயர்கள் டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகளுக்கு உரியவை. ஃபெடோராவோ ஆர்ச்சோ பயன்படுத்துவோருக்குப் பெயர்கள் மாறும், தேடும் முறை மாறாது.

தற்காலிக இணைப்பு

வைஃபையைச் சரிசெய்ய இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற முட்டுச்சந்திலிருந்து வெளியேற மிக எளிய வழி ஆண்ட்ராய்டு கைபேசிதான். அதை யூஎஸ்பி கேபிளால் மடிக்கணினியில் இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட், டெதரிங் ஆகியவை உள்ள பகுதிக்குச் சென்று ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், சில நொடிகளில் லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். இதற்கான டிரைவர் கர்னலிலேயே உண்டு. கைபேசி வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் அந்த இணைப்பையே மடிக்கணினிக்குக் கடத்தும் என்பதால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. அந்தத் தேர்வு சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள், ஏனெனில் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படும் மலிவுக் கேபிள்களில் டேட்டா போகாது.

லேன் துளை உள்ள மடிக்கணினியாக இருந்தால் ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் போதும். இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் வேறொரு கணினியில் தேவையான டெப் கோப்புகளை (பேக்கேஜ் அடங்கிய கோப்புகள்) இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து, அந்த ஃபோல்டருக்குள் சென்று ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./’ என்பதற்குப் பின் கோப்பின் பெயரைச் சேர்த்து நிறுவலாம்.

இன்னும் நிறுவவே தொடங்காதவர்களுக்கு ஒரு சொல்: பென்டிரைவிலிருந்து, நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் லைவ் முறையில் கணினியைத் தொடங்கி, வைஃபை இணைகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். லைவ் முறையில் இயங்காத அட்டை, அதே பென்டிரைவிலிருந்து நிறுவிய பிறகு தானாக இயங்கத் தொடங்குவது அரிது.

அட்டையை அடையாளம் காணுதல்

டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று கொடுத்தால் கணினியின் உள் சாதனங்கள் அனைத்தும் பட்டியலாக வரும். அதில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று உள்ள வரியைத் தேடுங்கள். ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்பது லேன் துளைக்கு உரியது, அதை விட்டுவிடலாம். அந்த வரியின் இறுதியில் சதுர அடைப்புக்குள், முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு நான்கெழுத்துக் குறிகள் இருக்கும். முதற்குறி தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 14இ4 என்றால் பிராட்காம், 168சி அல்லது 17சிபி என்றால் குவால்காம். இரண்டாவது குறி அட்டை எது என்பதைச் சொல்லும். இனி இணையத்தில் எதைத் தேடினாலும் மடிக்கணினியின் பெயரை விட்டு, இந்த எட்டு எழுத்துகளைக் கொண்டே தேடுங்கள்.

அதே வரிக்குக் கீழே இன்னும் முக்கியமான இரண்டு வரிகள் இருக்கலாம். ‘கர்னல் மாட்யூல்ஸ்’ என்ற வரி இந்த அட்டைக்கு ஏற்ற டிரைவர் கணினியில் இருப்பதைச் சொல்லும்; ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி அந்த டிரைவர் அட்டையை வெற்றிகரமாகக் கைக்கொண்டதைச் சொல்லும். இரண்டும் இல்லையென்றால் உங்கள் கர்னலுக்கு இந்த அட்டையே தெரியாது. மாட்யூல் வரி மட்டும் இருந்து மற்றது இல்லையென்றால், டிரைவர் முயன்று தோற்றிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஃபர்ம்வேர் இல்லாததே காரணமாக இருக்கும். இரண்டும் இருந்தால் ரேடியோ அணைந்திருக்கிறதா, நெட்வொர்க்மேனேஜர் ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று நிலைகளில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பதை அறிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியே இல்லையென்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அமைப்பு நிரல்) வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியாக இருந்தால் அட்டை அதன் இருக்கையிலிருந்து தளர்ந்திருக்கவும் கூடும்.

கர்னலுக்கு அட்டை தெரியாதபோது

இங்கே பலரும் தடுமாறுவதற்குக் காரணம், இயங்குதளம் வெளிவந்த தேதியையும் அதிலுள்ள கர்னலின் வயதையும் ஒன்றென்று எண்ணிவிடுவது. அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் இருக்கும் ரியல்டெக் 8852பிஇ அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் குறி 10இசி:பி852. இதற்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கர்னலில்தான் சேர்ந்தது. டெபியன் 12 அதே ஆண்டு ஜூனில் வெளிவந்தாலும் 6.1 கர்னலையே கொண்டிருக்கிறது. ஆகவே, அட்டையும் சரி, நிறுவலும் சரி, ஃபர்ம்வேர் பேக்கேஜும் இருக்கிறது. ஆயினும் வைஃபை மட்டும் வராது. ஃபர்ம்வேரை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் இந்த நிலை மாறாது. இதே போல இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டைக்குக் குறைந்தது 5.10, மீடியாடெக் 7921 அட்டைக்கு 5.12, ரியல்டெக் 8821சிஇ அட்டைக்கு 5.9 கர்னல் வேண்டும். உங்களிடம் இருப்பது எது என்பதை ‘யூநேம் -ஆர்’ என்ற கட்டளை சொல்லிவிடும்.

இந்த நிலையில் தேட வேண்டியது டிரைவரை அன்று, புதிய கர்னலை. இப்போதுதான் நிறுவியிருக்கிறீர்கள், உள்ளே சேமித்த கோப்பு எதுவும் இல்லை என்றால், 2025 ஆகஸ்டில் 6.12 கர்னலோடு வெளியான டெபியன் 13-ஐ மறுபடி நிறுவுவதே குறைந்த நேரத்தில் முடியும் வேலை என்பது என் கருத்து. டெபியன் 12-இலேயே தொடர வேண்டியவர்கள், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டின் மூலப் பட்டியலில், டெபியன் 12-க்குப் புதிய பேக்கேஜ்களைத் தரும் ‘புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்’ களஞ்சியத்தை அதன் மெயின், நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் ஆகிய இரு பிரிவுகளுடன் சேர்த்து, ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுத்த பின், ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் -டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ என்று கொடுக்க வேண்டும். புதிய கர்னலிலுள்ள டிரைவர் புதிய ஃபர்ம்வேர் கோப்பை எதிர்பார்க்கக்கூடும் என்பதால் இரண்டையும் ஒருசேரக் கொண்டுவருவது நல்லது. உபுண்டு 22.04 பயன்படுத்துவோர் ‘லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04’ என்ற பேக்கேஜை நிறுவினால் 5.15 கர்னலிலிருந்து புதியதற்கு மாறலாம். லினக்ஸ் மின்டில் அப்டேட் மேனேஜரின் ‘வியூ’ பட்டியலில் கர்னல்களுக்கென்றே ஒரு சாளரம் உண்டு.

புதிய கர்னல் ஏதேனும் தொல்லை கொடுத்தால், கணினி தொடங்கும்போது கிரப் (GRUB) என்ற தொடக்க நிரலின் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் சென்று பழைய கர்னலைத் தேர்ந்துகொள்ளலாம். ஆகவே கர்னலை மாற்ற அஞ்ச வேண்டியதில்லை.

ஃபர்ம்வேர்

டிரைவர் என்பது கர்னலுக்குள் ஓடுவது. ஃபர்ம்வேர் என்பது அட்டைக்குள் ஓடுவது. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் இந்தக் கோப்பை ‘/லிப்/ஃபர்ம்வேர்’ என்ற ஃபோல்டரிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்றுகிறது. இக்கோப்புகளின் மூலநிரல் வெளியிடப்படாதது என்பதால் டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவியில் அவற்றை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்நிலையை மாற்றினார்கள். டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவியிலேயே வருகிறது. டெபியன் 11-க்காக எழுதப்பட்ட பழைய குறிப்புகளில் ‘நான்-ஃப்ரீ’ என்ற பிரிவைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். 12 முதல் ஃபர்ம்வேருக்கு ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பழைய குறிப்பைப் பின்பற்றி, பேக்கேஜே கிடைக்கவில்லை என்று நின்றுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்தக் கோப்பு இல்லை என்பதைக் கர்னலே பதிவு செய்து வைத்திருக்கும். ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி’ என்ற கட்டளையின் வெளியீட்டை ‘கிரெப் -ஐ ஃபர்ம்வேர்’ என்பதற்குள் செலுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு வேண்டும். ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்’ என்று தொடங்கிக் கோப்பின் பெயரைச் சொல்லி ‘ஃபெயில்டு வித் எர்ரர் -2’ என்று முடியும் வரி வந்தால், அந்தக் கோப்பு வட்டில் இல்லை என்று பொருள்.

இன்டெல் அட்டைகளில் இந்த வரியைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இன்டெல் டிரைவர் தான் அறிந்த மிகப் புதிய பதிப்பெண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கீழிறங்கிக் கோப்பைத் தேடும். தேடும் ஒவ்வொரு முறையும் கிடைக்காத எண்ணுக்கு ஒரு -2 வரியை எழுதிவைக்கும். அவற்றின் முடிவில் ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்ற வரி இருந்தால் எல்லாம் நலமே. பெயரில் ‘யோயோ’ என்று வரும் ஒரு கோப்பைக் காணவில்லை என்றும் அது புலம்பும். அது டிரைவர் உருவாக்குநர்களின் பிழைத்திருத்தத்துக்கான கோப்பு, பயனருக்குத் தேவையே இல்லை. இந்த ஒரு வரியைத் துரத்திக்கொண்டு மாலை முழுவதையும் தொலைத்தவர்கள் பலர்.

டெபியனில் இன்டெல் அட்டைக்கு ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’, ரியல்டெக்குக்கு ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’, குவால்காம் ஏதெராஸுக்கு ‘ஃபர்ம்வேர்-ஏதெராஸ்’ ஆகிய பேக்கேஜ்கள் உள்ளன. உபுண்டுவிலும் மின்டிலும் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ என்ற ஒரே பேக்கேஜில் இவையெல்லாம் அடக்கம். நிறுவிய பின் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்குங்கள்.

ரேடியோவும் நெட்வொர்க்மேனேஜரும்

டிரைவர் பயன்பாட்டில் இருந்தும் வைஃபை வரவில்லையென்றால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘சாஃப்ட் பிளாக்டு’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ என்றிருந்தால், ‘சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ என்ற கட்டளை அதை விடுவிக்கும். ‘ஹார்டு பிளாக்டு’ என்பதற்கு நேரே அப்படி இருந்தால் கட்டளையால் ஆகாது. பக்கவாட்டில் உள்ள ஸ்விட்சையோ, எஃப்என் விசையுடன் அழுத்தும் விமானக் குறியிட்ட விசையையோ பயன்படுத்த வேண்டும். லெனோவோ ஐடியாபேட் வரிசையில் அத்தகைய ஸ்விட்சே இல்லாத சில கணினிகளில் ‘ஐடியாபேட்_லேப்டாப்’ என்ற மாட்யூல் இல்லாத ஸ்விட்ச் அணைந்திருப்பதாக அறிவித்த வழக்குகள் உண்டு. ‘சூடோ மோட்புரோப் -ஆர் ஐடியாபேட்_லேப்டாப்’ என்று அதை நீக்கிப் பார்த்து, வைஃபை உயிர்பெற்றால், ‘/இடிசி/மோட்புரோப்.டி’ ஃபோல்டரில் அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக மூடாமல் பாதி உறக்கத்தில் நின்றுவிடுவதால், அட்டை லினக்ஸால் கையாள முடியாத நிலையில் கிடக்கக்கூடும். நேற்று வரை வேலை செய்த வைஃபை விண்டோஸைப் பயன்படுத்திய மறுநாள் காணாமற்போனால் முதல் ஐயம் இதன் மீதுதான் விழ வேண்டும்.

டெபியனில் மட்டும் காணப்படும் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவும்போதே வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், அந்த விவரம் ‘/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் எழுதப்பட்டிருக்கலாம். அக்கோப்பில் பெயர் உள்ள சாதனத்தை நெட்வொர்க்மேனேஜர் தொடாது. ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ என்ற கட்டளையில் வைஃபைக்கு நேரே ‘அன்மேனேஜ்டு’ என்று வந்தால், அந்தக் கோப்பில் அட்டையின் பெயர் வரும் வரிகளுக்கு முன்னால் எண் குறியிட்டுச் செயலிழக்கச் செய்து, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

வெளியிலிருந்து டிரைவர் கொண்டுவருதல்

புதிய கர்னலிலும் ஆதரவு இல்லை, அல்லது கர்னலை மாற்ற இயலாது என்றால் மட்டுமே இந்த வழிக்கு வர வேண்டும். பழைய மேக்புக்குகளில் உள்ள பிராட்காம் 4360 அட்டை இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு. அதற்குப் பிராட்காம் தந்த ‘டபிள்யூஎல்’ என்ற மூடிய டிரைவர்தான் வழி. டெபியனில் ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’ என்றும், உபுண்டுவில் ‘பிசிஎம்டபிள்யூஎல்-கர்னல்-சோர்ஸ்’ என்றும் அது கிடைக்கிறது. உபுண்டுவின் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ சாளரமோ மின்டின் டிரைவர் மேனேஜரோ அதைத் தானே கண்டுபிடித்துக் காட்டும். ரியல்டெக் அட்டைகளுக்குக் கிட்ஹப்பில் பலர் டிரைவர்களைப் பராமரித்து வருகிறார்கள். பிராட்காமின் பி43 டிரைவரிலிருந்து ரியல்டெக் வரை லினக்ஸ் வைஃபைக்காக நெடுங்காலம் உழைத்து, 2024-இல் மறைந்த லாரி ஃபிங்கருக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்.

இத்தகைய டிரைவர்கள் டிகேஎம்எஸ் என்ற முறையில் உங்கள் கணினியிலேயே மூலநிரலிலிருந்து உருவாகின்றன, அதாவது கம்பைல் ஆகின்றன. அதற்குக் கர்னலோடு பொருந்தும்படி கம்பைல் செய்ய உதவும் கர்னல் ஹெடர் கோப்புகள் வேண்டும்: டெபியனில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’, உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’. கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் டிரைவர் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். புதிய கர்னலோடு அது ஒத்துப்போகாவிட்டால் வைஃபை மறைந்துவிடும். இந்த வழியைக் கடைசியில் வைக்கச் சொல்வது இதனால்தான். விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பரைப் பரிந்துரைக்கும் குறிப்பு எதையேனும் கண்டால், அது காலாவதியானது என்று கடந்துவிடுங்கள்.

கையெழுத்திடப்பட்ட நிரல்களை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட் பாதுகாப்பு இயங்கும் கணினியில் இன்னொரு தடையும் வரும். கையெழுத்திடப்படாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்ற பிழை அதன் அடையாளம். ‘மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ என்ற கட்டளை செக்யூர் பூட்டின் நிலையைச் சொல்லும். உபுண்டுவில் டிரைவரை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்வார்கள். அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் ‘என்ரோல் மோக்’, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’ என்று வரிசையாகத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அத்திரை சில நொடிகளே காத்திருக்கும். எந்த விசையையும் தொடாமல் விட்டால் கணினி வழக்கம்போலத் தொடங்கிவிடும், டிரைவரும் ஏறாது.

இணைந்தும் நிலைக்காதபோது

வைஃபை இணைந்த பின் அடிக்கடி துண்டிக்கப்பட்டால் மின்சேமிப்பு அமைப்பை முதலில் பாருங்கள். உபுண்டுவில் ‘/இடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி’ ஃபோல்டரிலுள்ள கோப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ என்பதற்கு 3 என்ற மதிப்பு இருக்கும்; அதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணைந்துவிடும்.

வீட்டு ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்போ, 12, 13 ஆகிய சேனல்களில் இயங்கும் இணைப்போ பட்டியலில் வராமல் மற்றவை மட்டும் தெரிந்தால், ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ என்று கொடுங்கள். நாட்டுக் குறி 00 என்றிருந்தால், கர்னல் எந்த நாடு என்று தெரியாமல் எல்லா நாடுகளுக்கும் பொதுவான இறுக்கமான விதிகளைப் பின்பற்றுகிறது. ‘சூடோ ஐடபிள்யூ ரெக் செட்’ என்பதற்குப் பின் இந்தியாவுக்கு ‘ஐஎன்’, இலங்கைக்கு ‘எல்கே’ என்ற குறியைப் பெரிய எழுத்துகளில் கொடுத்தால் அது தளரும். புதிய இன்டெல் அட்டைகளில் இக்கட்டளை பயன் தராது; அவை தாம் எங்கிருக்கிறோம் என்பதைச் சுற்றுப்புறச் சமிக்ஞைகளிலிருந்து தாமே தீர்மானித்துக்கொள்கின்றன.

அட்டையையே மாற்றுதல்

அட்டை மதர்போர்டில் பற்றவைக்கப்படாமல் தனியாகச் செருகப்பட்டிருந்தால், அதை மாற்றுவது சில வேளைகளில் எல்லாவற்றையும்விட மலிவான தீர்வு. இன்டெல் ஏஎக்ஸ்210 பெரும்பாலான மடிக்கணினிகளுக்குப் பொருந்தும். பெயரில் ஒத்திருக்கும் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவற்றை வாங்கிவிடாதீர்கள். அவற்றின் பாதி வேலையை இன்டெல் பிராசசரோடு வரும் சிப்செட்தான் செய்கிறது என்பதால் ஏஎம்டி கணினிகளில் அவை இயங்கவே இயங்கா. சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் தொடங்கவே மறுக்கும் என்பதையும் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு ஆன்டெனா கம்பிகளின் பொத்தான் முனைகளையும் நகத்தால் நேர் மேலாகத் தூக்க வேண்டும்; சாய்த்து இழுத்தால் அந்த முனைகள் எளிதில் உடையும்.

திறக்க விரும்பாதவர்கள் யூஎஸ்பி அடாப்டர் வாங்கலாம். மீடியாடெக் 7612யூ, ஏதெராஸ் 9271 ஆகிய சிப்கள் உள்ளவை கர்னலின் சொந்த டிரைவரிலேயே இயங்குகின்றன, பின்னது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. பெட்டியில் சிப்பின் பெயர் இல்லாத அடாப்டரை வாங்காதீர்கள். வாங்கிய அடாப்டரைச் செருகியும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ பட்டியலில் 0பிடிஏ:1ஏ2பி என்ற குறியே வந்தால், அது இன்னும் தன்னை விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடியாகவே காட்டிக்கொண்டிருக்கிறது. கோப்பு மேலாளரில் அந்தச் சிடியை எஜெக்ட் செய்தாலோ, ‘யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ பேக்கேஜை நிறுவினாலோ அது வைஃபை அடாப்டராக மாறிவிடும்.